எண்ணெய் பாஸ், எஞ்சின் ஃபெயில்

கார் ஜட்டி கதையைத் திருப்பூரில் இப்போது ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். சமீபத்தில் காதர்பேட்டையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒருவர் சொன்ன கதையில், பெருமாநல்லூர் ரோட்டில் கார் தீப்பிடித்து எரிந்தே போனது. டிரைவர் குதித்துத் தப்பித்தாராம். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இல்லீங்க, அந்தக் காரு எரியலீங்க" என்றேன்.

"உங்களுக்கெப்படிங்க தெரியும்?"

"அதோட எஞ்சினக் கழட்டினதே நானுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, எரிந்ததாகவே மிச்சக் கதையையும் சொல்லி முடித்தார். ரிட்டயர் ஆனவன் வாயால் சொன்னால் எடுபடாது என்று அப்போதுதான் புரிந்தது. எழுதியாவது வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் முருகனுக்கு அடுத்தபடியாக நூலைத்தான் கும்பிட்டார்கள். அண்ணன்கள் பனியன் தொழிலுக்குப் போனார்கள். எனக்கு மட்டும் நூல் தூசி பட்டால் தும்மல் நிற்காது. "தும்மறவன வெச்சுட்டு இந்த ஊர்ல என்ன பண்றது?" என்று அப்பா அலுத்துக்கொண்டு, நல்லூரில் இருந்த ஞானதுரை அண்ணாச்சியின் கார் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டார். முதல் சில வருடங்கள் நட்டு போல்ட் கழுவினேன், திட்டு வாங்கினேன். அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

அண்ணாச்சியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். திருப்பூரில் அத்தனை வருடம் இருந்தும் அவர் பேச்சில் கொங்கு வாடை ஒட்டவே இல்லை. வண்டிக்காரர் கோளாறைச் சொல்லத் தொடங்கியதும் அண்ணாச்சி கண்ணை மூடிக்கொள்வார். புதிதாக வருகிறவர்கள், ஆள் தூங்கிவிட்டார் என்று நினைத்து என்னிடம் திரும்பிச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அப்போது மூடிய கண்ணோடு கேள்வி வரும்: "எப்பம் இறங்குது? எடுத்த உடனேயா, சூடானப்புறமா? ஆக்ஸிலேட்டர் குடுத்தா ஏறுதா?"

ஆயில் பிரஷர் என்பது எஞ்சினுக்கு ரத்த அழுத்தம் மாதிரி. அடியில் தொட்டியில் இருக்கும் எண்ணெயைப் பம்ப் உறிஞ்சி, ஒரு சல்லடை வழியாக மேலே அனுப்பும். அந்த அழுத்தம் இருக்கும் வரைதான் உள்ளே இரும்பும் இரும்பும் உரசாமல் எண்ணெய்ப் படலத்தின் மேல் ஓடும். அழுத்தம் போன பிறகும் ஓட்டினால் பேரிங் தேய்ந்து எஞ்சின் செத்துப் போகும். பழைய கார்களில் இதைக் காட்ட டேஷ்போர்டில் ஒரு முள் இருக்கும். அண்ணாச்சி அந்த முள்ளை நம்ப மாட்டார். "அது சாட்சிவே. சாட்சி பொய்யும் சொல்லும்" என்பார். சொந்தமாக ஒரு டெஸ்ட் கேஜ் வைத்திருந்தார். பீரோவில் பைபிளுக்குப் பக்கத்தில் மஞ்சள் துணி சுற்றி இருக்கும். முதலில் ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பார். எண்ணெயை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்ப்பார், மோந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் பீரோ திறக்கும். இந்த வரிசை மாறி நான் பார்த்தது ஒரே ஒரு வண்டிக்குத்தான்.

இன்னொரு சட்டமும் உண்டு. திருப்பூரில் எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் கை துடைக்கப் பனியன் வேஸ்ட் தருவார்கள். வெட்டு மிச்சத் துணி, சல்லிசாகக் கிடைக்கும். அண்ணாச்சி அதை எஞ்சின் பக்கமே விடமாட்டார். அதிலிருந்து உதிரும் நூல் உள்ளே போய்ச் சல்லடையை அடைத்துவிடும். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் துவைத்த பழைய வேட்டிதான்.

இனி கதைக்கு வருகிறேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த நேரம். வேலுசாமி என்று ஒரு எக்ஸ்போர்ட் முதலாளி. ஊரே அவரை எம்.டி. என்றுதான் கூப்பிட்டது, வீட்டிலும் அப்படித்தான் என்று கேள்வி. அவர் அப்பா வாங்கிய பழைய இங்கிலீஷ் கார் ஒன்று வைத்திருந்தார். அதைச் செய்த கம்பெனியே இப்போது கிடையாது. நல்ல காரியங்களுக்கு மட்டும் வெளியே எடுப்பார். மற்ற நாளெல்லாம் அது வீட்டு போர்ட்டிகோவில், வெள்ளை மார்பிளின் மேல் நிற்கும்.

அதை ஓட்டியவர் செல்வராஜ். அவரும் தெற்கத்திக்காரர். மனைவி எஸ்தர் எம்.டி.யின் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைக்கும் டெய்லர்.

எம்.டி. மகனுக்குப் பெருமாநல்லூரில் பெண் பார்த்து முடித்து, சம்பந்தி வீட்டாரை இந்தக் காரில் ஏற்றிக்கொண்டு திருப்பூருக்கு வந்துகொண்டிருந்தார்கள். பாதி வழியில் முள் சரிந்து அடியில் படுத்துவிட்டது. செல்வராஜ் உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

"ஏப்பா, இன்னுங் கொஞ்ச தூரந்தான? அப்படியே உருட்டிட்டுப் போயிரு" என்றார் எம்.டி.

"ஓட்டக்கூடாது மொதலாளி. எஞ்சின் போயிரும்" என்று சொல்லிச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் செல்வராஜ்.

பனியன் மூட்டை ஏற்றி வந்த ஒரு டெம்போவைக் கை காட்டி நிறுத்தினார்கள். சம்பந்தியம்மாள் பட்டுச்சேலையோடு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, மடியில் சீர்த்தட்டோடு திருப்பூருக்குள் நுழைந்தார். பஸ் ஸ்டாண்ட் முழுக்கப் பார்த்தது. எம்.டி.க்கு அந்தக் காட்சி நெஞ்சில் குத்திவிட்டது. முள் இறங்கியதை அவர் பார்க்கவில்லை. பின் சீட்டில் இருந்தார். டிரைவர் சாவியைப் பையில் போட்டதை மட்டும் பார்த்தார்.

கார் நேராக எங்களிடம் வரவில்லை. கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், மறுநாள் தலைக்குக் குளித்த மாதிரி பளபளவென்று வந்தது. செல்வராஜின் முகத்தில்தான் களை இல்லை.

அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்க வேண்டியதைக் கேட்டார். டெஸ்ட் கேஜை மாட்டினோம். எஞ்சின் குளிர்ந்திருந்தபோதும் பிரஷர் நன்றாக இருந்தது, சூடான பிறகும் நன்றாகவே இருந்தது. ஆயில் தொட்டியைக் கழற்றினோம். சல்லடையில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன நூல் கத்தை.

அண்ணாச்சி அதை ஊசி முனையில் எடுத்து என் மூக்குக்கு நேரே காட்டினார். "பாத்தியாவே, உங்க ஊரு!"

பேரிங்குகளையும் கழற்றிப் பார்த்தோம். புதுசு மாதிரி இருந்தன. சல்லடையைக் கழுவி, புது எண்ணெய் ஊற்றி அனுப்பினோம். கண்டுபிடித்த பெருமையில் நான் அன்று இரண்டு டீ குடித்தேன்.

ஆனால் கார் மறுபடியும் நின்றது. இந்த முறை உள்ளே இருந்தவர் பனியன் வாங்க வந்த வெளிநாட்டு பையர். சிவன்மலைக் கோயிலைக் காட்ட அழைத்துப் போயிருக்கிறார்கள். செல்வராஜ் அதே மாதிரி ஓரம் கட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். பையருக்கு ஒரே குஷி. வெயிலில் காருக்கு அடியில் படுத்துப் போட்டோ எல்லாம் எடுத்தாராம். அவர் சந்தோஷப்படப் பட, எம்.டி.க்குக் கோபம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

மறுபடியும் குளித்துவிட்டு வந்தது. இம்முறை பானெட்டின் உள்பக்கம் 'செக்டு ஓகே' என்று ஒரு சின்ன ஸ்டிக்கர். பனியனுக்கு ஒட்டுகிற ஸ்டிக்கரை யாரோ விளையாட்டாக ஒட்டியிருக்கிறார்கள் என்று சிரித்தோம். பிரஷரைக் கட்டுப்படுத்தும் வால்வைக் கழற்றி, அதன் ஸ்பிரிங்கை மாற்றினோம். பேரிங்கை மறுபடி பார்த்தோம், குறை இல்லை. அண்ணாச்சியே பெருமாநல்லூர் வரை ஓட்டிப் பார்த்தார். முள் இறங்கவே இல்லை.

மூன்றாவது முறை நின்றபோது காரோடு எம்.டி.யே நேரில் வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, உங்க கையில நல்லா ஓடுதுங்க. அவங்கையில ஓட மாட்டீங்குது. அப்பக் கோளாறு எங்கீங்க?"

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஊத்தற நல்ல ஆயில எடுத்து வித்துப்போட்டு, ஏதோ தண்ணியாட்டம் ஊத்தறானுங்க. எனக்குத் தெரியுமுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கணக்கு முடிச்சு அனுப்பிப்போடலாம்."

கொங்கு நாட்டில் ஒருவன் பிழைப்பைக் கெடுப்பதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் கெடுப்போம். அண்ணாச்சி கண்ணைத் திறந்து, "வார ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுங்க" என்றார்.

அன்றைக்கே மதிய இடைவேளையில் எஸ்தர் வந்தார். தலையிலும் புருவத்திலும் பனியன் தூசி அப்பியிருந்தது. நான் தும்மினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"அண்ணாச்சி, அவிய ஓட்டுததுல தப்பு இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லிருங்க. ஒழுங்கா ஓட்டச் சொல்லுதேன். ஆனா எண்ணெயத் திருடிட்டாருன்னு பேரு வந்துட்டுன்னா, இந்த ஊர்ல எவன் அவிய கையில ஸ்டியரிங்கக் குடுப்பான்?"

எஸ்தர் அழவில்லை. மணியைப் பார்த்துவிட்டுக் கம்பெனிக்கு ஓடினார். இரண்டு முறை எஞ்சினைக் கழற்றி மாட்டிய எனக்கு அந்தப் பெண்ணுக்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லையே என்று என் மேலேயே கோபம் வந்தது.

அண்ணாச்சி எழுந்து நேரே பீரோவைத் திறந்து டெஸ்ட் கேஜை எடுத்தார். எடுத்தவர் அதைத் திரும்ப வைத்துவிட்டுக் காரிடம் போனார். அவருடைய வரிசை மாறியது அப்போதுதான். ஆயில் குச்சியை உருவி, வெயிலில் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏலே துரைசாமி, இது நாம ஊத்தின எண்ணெயாலே?"

தேன் நிறத்தில் இருந்தது. "அதேதானுங்க அண்ணாச்சி. அதே வாசம்" என்றேன்.

"நாம ஊத்தி எத்தன நாளாச்சு? ஓடின எண்ணெ கருக்கணுமா இல்லியா? இது இன்னைக்கி டப்பாவ ஒடச்சது கணக்கா இருக்கு."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மூன்று முறையும் குச்சியில் வந்தது புது எண்ணெய். ஒழுங்காகப் பராமரிக்கிறார்கள் என்று நினைத்து விட்டுவிட்டோம்.

செல்வராஜைக் கூப்பிட்டுக் கேட்டார். "சத்தியமா நான் மாத்தல அண்ணாச்சி. டப்பாவக்கூடத் தொட்டதில்ல" என்றார் அவர். பிறகு தயங்கித் தயங்கி, "ஞாயித்துக்கெழம எனக்கு லீவு, சர்ச்சுக்குப் போயிருவேன். திங்கக்கெழம வண்டிய எடுத்தா சத்தமே வேற மாதிரி இருக்கு" என்றார்.

"இத ஏன்வே முன்னமே சொல்லல?"

"யாரும் ஞாயித்துக்கெழமையப் பத்திக் கேக்கலையே அண்ணாச்சி."

உண்மைதான். எஞ்சினில் கேட்காத கேள்வி பாக்கி இல்லை. லீவு நாளைக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. அண்ணாச்சி ஒன்றும் செய்யாமல் காரைச் செல்வராஜிடமே கொடுத்துத் திருப்பி அனுப்பினார். "ஒண்ணும் குறை இல்லைன்னு மட்டும் சொல்லு" என்றார்.

அந்த ஞாயிறு, எனக்குத் தெரிந்து முதல் முறையாக அண்ணாச்சி காலை ஆராதனைக்குப் போகவில்லை. டெஸ்ட் கேஜை மஞ்சள் துணியோடு இடுக்கிக்கொண்டு என் பைக்கில் பின்னால் ஏறினார். சொல்லாமல் கொள்ளாமல் எம்.டி. வீட்டுக்குப் போய் இறங்கினோம்.

போர்ட்டிகோவில் நான் பார்த்ததை எழுதினால் நம்புவீர்களோ என்னவோ. கார் நடுவில் நிற்கிறது. அதன் அடியில் வெள்ளைப் பனியன் துணித் துண்டுகள் வரிசையாக விரித்திருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு டேக். பக்கத்தில் மேஜை போட்டு, கம்பெனியில் சாயத்தின் நிறம் பார்க்கிற லைட் பாக்ஸைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதற்குள் தலையை விட்டபடி குவாலிட்டி மேனேஜர் கதிர்வேல். காருக்கு அடியில், கம்பெனியில் துணி பின்னும் மிஷின்களைப் பார்க்கிற நிட்டிங் ஃபிட்டர், தோளில் ஒரு கத்தைப் பனியன் வேஸ்ட்டோடு. அவர் பக்கத்தில் நிட்டிங் மிஷினுக்கு ஊற்றுகிற வெள்ளை எண்ணெய் கேன், பாதி காலி.

கதிர்வேல் எங்களைப் பார்த்துப் பதறிப்போனார். "ஏனுங்க அண்ணாச்சி, சொல்லாம வந்துட்டீங்க? செக்கிங்னா முன்னாடியே சொல்லோணுமில்லீங்க? நாங்க ரெடி பண்ணி வெப்பமில்லீங்க?"

"என்னத்த ரெடி பண்ணுவீரு?" என்றார் அண்ணாச்சி.

கதிர்வேல் மறைக்கவே இல்லை. அவருக்கு மறைக்க ஒன்றும் இருப்பதாகவே தெரியவில்லை. பெருமையாக விளக்கினார். அந்தக் காலத்து இங்கிலீஷ் எஞ்சின்கள் நின்ற இடத்தில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடும். வெள்ளை மார்பிளில் கறை. வெள்ளைப் பனியன் ஏற்றுமதி செய்கிற எம்.டி.க்கு எண்ணெய்க் கறை என்றால் உயிரே போய்விடும். ஒரு சொட்டுப் பட்டாலும் பீஸ் ரிஜெக்ட். 'என்ன பண்ணுவீங்களோ தெரியாது, கறை வரக்கூடாது' என்று கதிர்வேலிடம் சொல்லியிருக்கிறார். கதிர்வேல் முறைப்படி பரிசோதனை செய்திருக்கிறார். எஞ்சின் ஆயிலைப் பனியன் துணியில் ஒரு சொட்டு விட்டுத் துவைத்தார், கறை போகவில்லை: ஃபெயில். நிட்டிங் மிஷின் எண்ணெயைச் சொட்டு விட்டுத் துவைத்தார், துணி வெள்ளை வெளேர் என்று வந்துவிட்டது: பாஸ். துணியில் பட்டாலும் துவைத்தால் போகிற மாதிரிச் செய்த எண்ணெய் அது, ஊசிக்கு ஊற்றுவது. கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரி இருக்கும்.

"அப்ப எங்கிட்ட வாறப்ப நல்ல எண்ணெ இருந்துதே?" என்றார் அண்ணாச்சி.

"செக்கிங்குக்குப் போறப்ப ரூல்படி இருக்கோணுமில்லீங்க? புக்குல என்ன ஆயில் போட்டிருக்கோ அத ஊத்தி, கழுவித் தொடச்சு, ஸ்டிக்கர் ஒட்டித்தான் அனுப்புவோமுங்க. திரும்பி வந்ததும் ஞாயித்துக்கெழமை நம்ம மிஷின் எண்ணெய்க்கு மாத்திக்குவோம். இப்பத்தான் மாத்தி முடிச்சமுங்க."

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிற அன்றைக்கு மட்டும் எல்லா டெய்லரும் முகமூடி போட்டிருப்பார்கள், முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கும், கக்கூஸில் சோப்பு இருக்கும். ஆடிட்டர் போனதும் சோப்பு ஸ்டோருக்குத் திரும்பிவிடும். அதே வழக்கப்படி ஒரு எஞ்சினையும் எங்களிடம் ஆடிட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். சல்லடையில் கிடைத்த நூலை உதிர்த்த துணி, இதோ இந்த ஃபிட்டரின் தோளில் தொங்கியது.

சத்தம் கேட்டு எம்.டி. காபி டம்ளரோடு வெளியே வந்தார். அண்ணாச்சி டெஸ்ட் கேஜை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டார். முதலில் முள் நாற்பதில் நின்றது.

"பாருங்க, நல்லாத்தான இருக்குதுங்க" என்றார் கதிர்வேல்.

"பொறும்வே" என்றார் அண்ணாச்சி.

எஞ்சின் சூடேறச் சூடேற எண்ணெய் நீர்த்து, முள் இறங்கியது. முப்பது, இருபது. டைனிங் டேபிளிலிருந்து எம்.டி.யின் மனைவியும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். பத்து. முள் அடியில் போய்ப் படுத்ததும் அண்ணாச்சி சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். நிறுத்தி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எம்.டி.யின் கண் அந்தப் பையிலேயே நின்றது.

கதிர்வேல்தான் மெல்ல, "ஆயிலு பாஸானதுங்க. எஞ்சின்தானுங்க ஃபெயிலு" என்றார்.

"கதிரு, நீ சித்த சும்மா இரு" என்றார் எம்.டி.

அண்ணாச்சி பேசினார். "ரெண்டு மட்டம் எஞ்சினத் தொறந்து பாத்தோம். பேரிங்கு புதுசு கணக்கா இருந்துது. இந்த எண்ணெயில ஓடின எஞ்சினுக்கு எப்படி அப்படி இருக்கும்னு எனக்கு வெளங்கல. இப்பம் வெளங்குது. முள்ளு விழுந்த நிமிசம் அவம் நிறுத்தியிருக்கான். நீங்க சொன்னபடி உருட்டிட்டு வந்திருந்தா, உங்க அப்பா வாங்கின எஞ்சின் பெருமாநல்லூர் ரோட்டுலயே போயிருக்கும். எதுக்கு அவன அனுப்பணும்னு நெனைச்சீகளோ, அதுலதான் இந்த வண்டி பொழைச்சு நிக்கி. இத நான் சொல்லக்கூடாது. நாளைக்கி அவன்ட்ட நீங்கதான் சொல்லணும்."

திங்கட்கிழமை காலை எண்ணெய் மாற்ற நான் போயிருந்தேன். கதிர்வேல் ராத்திரியோடு ராத்திரியாக மாற்று வழி கண்டுபிடித்திருந்தார். எஞ்சின் தொட்டிக்கு அடியில் கட்ட, மூன்று மடிப்புப் பனியன் துணியில், எலாஸ்டிக் வைத்து ஒன்று. சொட்டுவதை அது குடித்துக்கொள்ளும். கார் நிற்கும்போது கட்டுவது, எடுக்கும்போது கழற்றுவது. பார்த்தால் சாட்சாத் ஜட்டியேதான். தைக்கிற வேலை அன்று ஓவர்லாக் லைனுக்குப் போய், எஸ்தர் கையிலேயே விழுந்தது. எஸ்தர் கறுப்புத் துணியில் தைத்து, இடுப்பில் டபுள் எக்ஸெல் லேபிளும் வைத்துக் கொடுத்துவிட்டார். ஊர் நினைவில் நின்றது இந்த ஜட்டி ஒன்றுதான். அதற்கு முன்னால் அதே போர்ட்டிகோவில் நடந்ததை யாரும் சொல்வதில்லை.

செல்வராஜ் வழக்கம்போல வந்து வணக்கம் வைத்தார். எம்.டி. வேட்டியைச் சரிசெய்தார், மார்பிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இருநூறு டெய்லர்களை ஒரு கனைப்பில் அடக்குகிற மனிதர் இரண்டு முறை கனைத்துப் பார்த்தார். கடைசியில், "நம்ம மேலதானுங்க தப்பு, செல்வராஜ்" என்றார். அவர் செல்வராஜுக்கு 'ங்க' போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

செல்வராஜ் கார் கதவைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு துணியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"வண்டிய நிறுத்தினதுக்கு ஒவ்வொரு மட்டமும் உங்கள்ட்ட மன்னிப்பு கேட்டேன் மொதலாளி. அது எனக்குப் பெருசில்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இனிமே முன்னால உக்காருங்க. பின்னால இருந்தா முள்ளு தெரியாது."

எம்.டி. பின் கதவின் கைப்பிடி வரை போன கையை எடுத்தார். அப்பா காலத்திலிருந்து முதலாளி உட்காரும் பின் சீட்டை விட்டுவிட்டு, சுற்றி வந்து முன் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அவரைப் பின் சீட்டில் யாரும் பார்க்கவில்லை. மகன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பின்னால், எம்.டி. முன்னால். நல்லூர் சிக்னலில் அந்தக் கார் நிற்கும்போது பல தடவை என் பைக்கும் பக்கத்தில் நின்றிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எம்.டி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டேஷ்போர்டில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு, "நாப்பதுதானுங்களே செல்வராஜ்?" என்று கேட்பார்.

செல்வராஜ் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "நீங்களே பாத்துச் சொல்லுங்க மொதலாளி" என்பார்.